பதினேழாம் அட்டையில் ‘பா.’

1

இந்தக் கதை ஓர் எழுத்திலிருந்தும் ஒரு புள்ளியிலிருந்தும் பிறந்தது. கற்பனை வளம் என்று யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம். அலுவலகத்தில் நான் அடித்த கூத்து இது.

பழைய ஊர்களின் பட்டியல் ஒன்றைத் தொகுக்கும் இடத்தில் எனக்கு வேலை. ஊருக்கு ஓர் அட்டை. அட்டைக்கு மூன்று கட்டம்: பழைய பெயர், இன்று அது எந்த ஊர், இப்போதைய நிலை. எனக்கு முன்னால் இருந்த தொகுப்பாளரின் கையெழுத்து படு பொடி. அதனால் அலுவலகமே அவரை ‘எறும்பு மேடம்’ என்றுதான் சொல்லும். அவர் ஓய்வுபெற்றுப் போனபோது நாற்பத்தோரு அட்டைகளில் மூன்றாம் கட்டத்தில் ‘பா.’ என்று மட்டும் இருந்தது.

(முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘ஊர்களும் மனிதர்களைப் போலவே பிறக்கின்றன, வளர்கின்றன, பின் ஒருநாள்...’ எனக்கே கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன்.)

2

பக்கம் அமைப்பவர் கேட்டார்: “சார், இந்த ‘பா.’வை அப்படியே விடவா, விரிச்சு எழுதவா?”

“விரிச்சே போடுங்க. பாழ்.”

“நாப்பத்தொண்ணுமா?”

“ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ஊருங்க. வேற என்னவா இருக்கும்?”

டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. இங்கே நான் கொஞ்சம் தயங்கினேன் என்று எழுத ஆசைதான். தயங்கவில்லை. பதினேழாம் அட்டையின் இரண்டாம் கட்டத்தில் இருந்தது என் அக்கா குடியிருக்கும் ஊர். அதைக்கூடக் கவனிக்கவில்லை.

3

(ஒரு பிரதியில் அக்காவை எடுத்துவிட்டு யாரோ ஒரு நண்பனைப் போட்டுப் பார்த்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதனாலேயே கிழித்துப் போட்டேன்.)

அக்கா தையல்கடை வைத்திருக்கிறாள். பட்டியலின் மெய்ப்பு, அதாவது பிழை பார்ப்பதற்கான முதல் அச்சு, வந்த வாரம் போன் செய்தாள்.

“தம்பி, எதிர்வீடு பூட்டிக் கெடக்குடா. பக்கத்து வீடும்.”

“எங்கயாவது கல்யாணம் காட்சின்னு போயிருப்பாங்க.”

“தைக்கக் குடுத்த துணியை வாங்காமலா? கடை பூரா ஊர்க்காரங்க துணிதான் தொங்குது. ஆளுங்களைத்தான் காணோம்.”

இரண்டு நாள் கழித்து மறுபடியும் கூப்பிட்டாள். “பால்காரர் வரலைன்னு போன் போட்டேன். ‘அந்த ஊர்ல இப்ப யாருங்க இருக்கா’ங்கறாரு. ஏன், நான் இருக்கேனேன்னேன். ‘அப்படியா’ன்னு கேட்டுட்டு வெச்சுட்டாரு.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போது அவள் குரலைச் சுற்றி வேறு எந்தச் சத்தமும் இல்லை. ஒரு வண்டி, ஒரு நாய், எதுவும் இல்லை.

“ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போயேன்டா. பதினோரு வருஷமாச்சு.”

வருகிறேன் என்றேன். பதினோரு வருடமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்குத்தான் மெய்ப்பைப் புரட்டினேன். பதினேழாம் எண்ணில் அவள் ஊர்; பக்கத்தில் ‘பாழ்’.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: பட்டியலில் ‘பாழ்’ ஆன வேறு மூன்று ஊர்களின் தபால் நிலையங்களுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, அதுதான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். நாட்காட்டியில் செவ்வாய்.)

4

எறும்பு மேடத்தைக் கூப்பிட்டேன்.

“மேடம், அட்டையில ‘பா.’ன்னு போட்டிருக்கீங்களே, அது...”

“பார்க்க. நேர்ல போய்ப் பார்த்துட்டுத்தான் எழுதணும்னு எனக்கே போட்டு வெச்ச குறிப்பு. நீங்க என்னன்னு எடுத்துக்கிட்டீங்க?”

சொன்னேன். மறுமுனையில் யாரோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“போய்ப் பார்த்தீங்களா?”

“இல்லைங்க மேடம்.”

“நானும் பார்க்கலை. போலாம் போலாம்னே முப்பது வருஷம் ஓடிப்போச்சு. ஆனா நான் பாழ்னு எழுதலைங்க” என்றார்.

அவமானத்தில் காது சுட்டது. பயம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

5

முடிவு ஒன்று: ‘பாழ்’ என்பதை அடித்துவிட்டு ‘மக்கள் வாழ்கிறார்கள்’ என்று எழுதுகிறேன். மறுநாள் காலை பால்காரர் மணியடிக்கிறார், எதிர்வீட்டுப் பிள்ளைகள்... இல்லை. பார்க்காமல் எழுதியதுதானே நான் செய்த தப்பு? மறுபடியும் அதையே செய்வதா?

முடிவு இரண்டு: போய் இறங்குகிறேன். கடை திறந்து கிடக்கிறது. எந்திரத்தில் பாதி தைத்த சட்டை. எடுத்துப் பார்த்தால் அது என் அளவுக்கு—

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். நாற்பத்தோரு இடத்திலும் பழையபடி ‘பா.’ என்றே மாற்றச் சொன்னேன். “இந்தத் தடவை விரிக்கலையா சார்?” என்றார் பக்கம் அமைப்பவர். “போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்” என்றேன். புது மெய்ப்பைப் பையில் திணித்துக்கொண்டு பகல் பேருந்தில் ஏறினேன்.

கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

“அங்க இப்ப யாரும் இறங்கறதில்லைங்களே.”

“நான் இறங்கறேன்.”

சீட்டைக் கொடுத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார். அக்காவுக்குப் போன் போட்டேன்.

“வந்துட்டிருக்கேன்க்கா. பாதி வழி தாண்டியாச்சு.”

“நெசமாவா?” என்றாள். “சரி, நான் வாசல்லயே நிக்கறேன்.”

அதற்குப் பிறகு லைன் கிடைக்கவில்லை.

6

இதைப் பேருந்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அடுத்த நிறுத்தம் அவள் ஊர். வண்டி வேகத்தைக் குறைக்கிறதா என்று தெரியவில்லை.

முடிவை நான் எழுதப்போவதில்லை. ஒரு தடவை விரித்து எழுதிப் பட்டது போதும். அட்டையைக் கீழே தருகிறேன். கடைசி எழுத்துக்கு வந்ததும் உங்கள் மனம் தானாக அதை ஒரு சொல்லாக்கிவிடும். என்னுடையதும் அப்படித்தான் செய்தது. கொஞ்சம் யோசித்து வாசியுங்கள். அக்கா வாசலில் நிற்கிறாள்.

எண்: 17
பழைய பெயர்: (மை கலைந்திருக்கிறது)
இன்று: அக்கா இருக்கும் ஊர்
நிலை: பா.