இருபது வருஷம் தள்ளிய வண்டி

மெக்கானிக் ஜஸ்டின் நீட்டிய செலவுச் சீட்டைச் செவந்தி வாங்கவில்லை. "வாயால சொல்லு தம்பி, கேட்டுக்கிறேன்" என்றாள்.

"கிளட்ச் பிளேட்டு பன்னெண்டாயிரம். பம்பையும் நாசிலையும் கழட்டி வேல பாக்கப் பதினெட்டு. பின்னாடி ஸ்பிரிங் பட்டை ரெண்டு ஒடஞ்சு கெடக்கு, அது எட்டு. ரேடியேட்டர் ஆறு. முன் டயர் ரெண்டும் வழுக்கை, பன்னெண்டு. தொட்டித் தகடு பூரா துரு அத்த. வெட்டி எடுத்துட்டு, வெல்டிங் வச்சு, பெயிண்ட் அடிச்சாத்தான் ஆர்.டி.ஓ. ஆபீசுல எஃப்.சி. கெடைக்கும். அதுக்கு இருவத்திரெண்டு. ஆக எழுவத்தெட்டு."

"காயலாங்கடைக்காரரு என்ன தாராராம்?"

"அம்பத்தஞ்சு. சாயங்காலம் எடுக்க வாரேன்னுருக்காரு. வேணாம்னா இப்பவே சொல்லிரணும்."

திருவரங்குளம் ரோட்டோரப் பட்டறை அது. நேற்று டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்து போட்ட பிக்கப் புளியமரத்தடியில் நின்றது. அதன் சொந்தக்காரர் அடைக்கலம், செவந்தியின் புருஷன், ஒரு பழைய டயரில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். காலையில் வீட்டிலேயே சொல்லிவிட்டார்: "ஒன் ஆட்ட வித்து வாங்குன வண்டி. வைக்கிறதும் விக்கிறதும் ஒம் பேச்சு." குவைத்திலிருந்து மகன் ரகுநாத் போனில் சொன்னது வேறு. "எதுக்கும்மா அந்தத் தகர டப்பாவுக்குச் செலவு பண்றீங்க? தலய முழுகுங்க." பட்டியில் பதினோரு ஆடு நிற்கிறது. எட்டை விற்றால் வண்டி வேலை முடியும். ஆனால் இந்த வண்டிக்காக இன்னொரு தரம் ஆட்டை விற்பதா? நினைத்தாலே அவளுக்கு வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? இருபது வருஷத்துக்கு முன்னால் பொன்னமராவதியில் ஆத்தா வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வந்து பார்த்தால், பட்டி காலி. குட்டியிலிருந்து கையால் தழை ஒடித்துப் போட்டு வளர்த்த ஆறு ஆடும் போயே போச்சு. வாசலில் யாரோ ஓட்டிக் கழித்த இந்த வண்டி, நெற்றியில் வேறு யார் வீட்டுப் பிள்ளைகளின் பெயரோடு நிற்கிறது. மனுஷன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்கவில்லை. அன்றோடு செவந்தி பேச்சை நிறுத்தினாள். சோறு வெந்தால்கூட, "டே ரகு, ஒங்கப்பாவச் சாப்புடச் சொல்லு" என்பாள். அந்தச் சின்னப் பயல்தான் நடுவில் நின்று தூது போனான்.

வண்டி வந்த மூன்றாம் வாரம் இஞ்சினைக் கிளப்பிவிடும் செல்ஃப் மோட்டார் போய்விட்டது. தொட்டி நிறையப் பலாப்பழம். வெயில் ஏறுவதற்குள் புதுக்கோட்டை மண்டிக்குப் போய்ச் சேர வேண்டும். தெருவில் ஆள் இல்லை. அடைக்கலம் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கதவோரம் தோளைக் கொடுத்துத் தனியாகத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. செவந்திக்குப் பொறுக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிப் பின்கதவில் இரண்டு கையையும் வைத்தாள்.

"ஏறி ஒக்காந்து பிரேக்க விடுய்யா!"

இரண்டு வாரத்துக்குப் பிறகு அவள் புருஷனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். பிள்ளையார் கோயில் இறக்கத்தில் வண்டி ஓர் உதறு உதறிப் பிடித்துக்கொண்டது. "புடிச்சுருச்சு புள்ள!" என்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவர் கத்தியபோது, புகைக்கு நடுவில் நின்று அவளும் சிரித்துவிட்டாள். சிரித்ததற்கு அப்புறம் தன்மேலேயே கோபம் வந்தது, அது வேறு கதை.

அதிலிருந்து தினமும் அதே வேலைதான். வாசலிலிருந்து கோயில் இறக்கம் வரைக்கும் முப்பது நாப்பது தப்படி இருக்கும். அதற்குள் வீட்டு நியாயம் மொத்தமும் பேசி முடித்தாக வேண்டும். பயல் கணக்கில் தவறியது, கிரைண்டர் ரிப்பேர், யார் வீட்டில் சாவு, யாருக்குக் குழந்தை, எல்லாம் அவள் பின்னாலிருந்து சொல்வாள். அவர் முன்னாலிருந்து பதில் கத்துவார். எதிர்வீட்டு உண்ணாமலை பல் விளக்கியபடியே, "ஆரம்பிச்சுட்டாங்கய்யா ரெண்டு பேரும்" என்பாள். வீட்டுக்குள் வந்தால் இரண்டு பேருக்கும் பேச்சு குறைவு. அப்படியே பழகிவிட்டது. கோபம் எந்த வருஷம் போனது என்று அவளுக்கே தெரியாது.

ஒரே ஒரு குறை. ஒரு நாளும் அவள் அந்த வண்டியில் ஏறிப் போனதில்லை. "நிறுத்துனா அணைஞ்சுரும் புள்ள" என்று அவர் பாட்டுக்குப் போய்விடுவார். தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு அண்டா குண்டா எல்லாம் பிக்கப்பில் பொன்னமராவதி போயின. இவள் பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள்.

செவந்தி பெருமூச்சு விட்டாள். அந்தக் காலைகளை நினைத்தால் காயலாங்கடைக்குக் கொடுக்க மனசு வரவில்லை. இடுப்பைத் தொட்டால் வைத்திருக்கவும் தெம்பில்லை.

"எல்லாம் சொன்னே, செல்ஃப விட்டுட்டியே தம்பி? அது இல்லாம வண்டி எதுக்கு? இனிமே என்னால தள்ள முடியாது."

"செல்ஃபுக்கு என்ன அத்த? அது கல்லு மாதிரி இருக்கு." ஜஸ்டின் உள்ளே சாய்ந்து சாவியைத் திருப்பினான். இஞ்சின் கிர்ரென்று சுற்றி, இருமி, வெள்ளைப் புகை தள்ளியது. "வயர் மட்டும் கழண்டு, முனையில டேப்பு சுத்தியிருந்துச்சு. நான்தான் மாட்டுனேன்."

டயரில் இருந்தவர் தரையைப் பார்த்தார்.

"யோவ்" என்றாள் செவந்தி. "எப்பச் சரி பண்ணுனே?"

"ரெண்டாவது மாசமே."

"அப்ப மண்டியில யாரு தள்ளுனா? கேட்டப்பல்லாம் அங்க ஆளா இல்லன்னியே?"

"மண்டியில மாட்டிக்கிருவேன். திரும்பி வாரப்ப ஊரு எல்லையில கழட்டிருவேன்."

ஜஸ்டினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"அடப் பாவி மனுசா! மழை, வெயிலு, காச்சலு, எதுவும் பாக்காம இருவது வருசம் தள்ளியிருக்கேன். இடுப்பு எலும்பு தேஞ்சு போச்சுன்னு டாக்டரு சொன்ன அன்னைக்காச்சும் சொன்னியாய்யா?"

அடைக்கலம் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. "தள்ளுறப்ப மட்டுந்தான புள்ள நீ எங்கிட்டப் பேசுனே? மாட்டிட்டா அதுவும் போயிருமேன்னு பயம். ஒன்னய முன்னாடி ஒக்கார வச்சு ஓட்டணும்னு எத்தன நாள் நெனச்சுருப்பேன் தெரியுமா? வயர மாட்டுனாப் பொய்யி வெளிய வந்துரும். சொல்ல வாயி வரல. தப்புத்தான்."

செவந்தி விருட்டென்று ரோட்டுப் பக்கம் நடந்தாள். பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் நின்றாள். ஆலங்குடி பஸ் வந்து, நின்று, போயிற்று. அவள் ஏறவில்லை. இந்த மனுஷனைத் திட்டுவதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அத்த, காயலாங்கடைக்குப் போன் போடணும்" என்றான் ஜஸ்டின்.

"போடு. வர வேணாம்னு சொல்லு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். "எட்டு ஆடு. வெள்ளிக்கெழம சந்தைக்கு நானே ஓட்டிட்டுப் போறேன். இந்தத் தடவ நான் விக்கிறேன், புரிஞ்சுதா?"

அடைக்கலம் தலையாட்டினார்.

"அந்த வயரு ஆயுசுக்கும் கழலாத மாதிரி இறுக்கி விடு தம்பி." பிறகு புருஷனைப் பார்த்தாள். "இனிமே பின்னாடி நின்னு கத்தமாட்டேன். பேசணும்னா பக்கத்துல ஒக்காந்து பேசுறேன். சீட்டத் தொடச்சு விடு."

ஜாக்கி, தார்ப்பாய்க் கயிறு, தண்ணீர்க் கேன் என்று இருபது வருஷமாக அந்த இடது சீட்டில் கிடந்ததையெல்லாம் அடைக்கலம் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். தோளில் கிடந்த துண்டால் துடைத்தார்.

"மாமா, வண்டி கெளம்பப் பத்து நாளாகும்" என்றான் ஜஸ்டின்.

செவந்தி அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.