நடைபாதையில் டாஸலார் மேசை

எங்கள் வீட்டில் ஓர் எழுதும் மேசை இருக்கிறது. அதில் யாரும் எழுதக் கூடாது. 1911இல் டாஸலார் என்ற மகான் வடிவமைத்ததாம். கல்யாணமான நாளிலிருந்து என் கணவன் வீபெ அதைப் போர்வை போர்த்திக் காவல் காக்கிறான். பேட்டை நாடகக் குழுவுக்காக நான் எழுதும் சிரிப்பு நாடகங்களெல்லாம் சமையலறையில், உருளைக்கிழங்குத் தோலுக்கு நடுவில்தான். ஒரே ஒரு நாடகமாவது அந்த மேசையில் எழுதிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. கேட்டால், "அது மேசை இல்ல ஃபென்னா, டாஸலார்!" என்பான்.

போன வியாழக்கிழமை மரத்தரையை இழைக்க ஆள் வருவதாக இருந்தது. அதுவரை மேசையை அவன் தம்பி வீட்டில் வைக்க ஏற்பாடு. ஆம்ஸ்டர்டாம் மாடிப்படியில் பூனை ஏறுவதே கஷ்டம். பெரிய சாமானெல்லாம் ஜன்னல் வழியாகத்தான். அதற்கென்றே வீட்டு முகப்பின் உச்சியில் இருக்கும் கொக்கியில் கப்பியை மாட்டி, நான் மேலிருந்து தள்ளிவிட, அவன் கீழே கயிற்றைப் பிடித்து இறக்கினான். "மெதுவா! கொழந்த மாதிரி!" என்று கத்தினான். பெற்ற பிள்ளைகளைக்கூட அவன் இப்படித் தூக்கியதில்லை.

நடைபாதையில் வைத்துவிட்டு வேனை எடுக்கப் போனான். அன்று மாலைதான் தெருவே வேண்டாத பெரிய சாமான்களை வெளியில் வைக்கும் நேரம் என்பது அந்தப் புத்திசாலிக்கு மறந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கிழிந்த சோபாவை ஒட்டி டாஸலார். அப்படி வைத்ததை யாரும் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் நாற்காலிகளே அப்படி வந்தவைதான்.

நான் மேலே கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, இரண்டு பெண்கள் மேசையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். "ஏய்! ஏய்!" என்று கத்தினேன். "ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி!" என்று ஒருத்தி பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். நான் படியிறங்குவதற்குள் மூலை திரும்பிப் போயே விட்டார்கள்.

வேனோடு வந்த வீபெயின் முகம் வெளுத்துப்போனது. நல்ல வேளையாக எங்கள் ஊரில் யாரும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. ஒவ்வொரு வீடாக எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தோம். பாலத்தைத் தாண்டி ஒரு தரைத்தள வீட்டில், விளக்கடியில் டாஸலார். அந்தச் சிரித்த பெண் அதில் ஒருக்களித்து உட்கார்ந்து என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாத்தியா? யாரோ ஒருத்தி, வந்ததும் உக்காந்துட்டா. நான் கல்யாணம் ஆனதுலேர்ந்து கேக்கறேன்!"

வீபெ கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான்.

"எவ்ளோ அழகா இருக்கு, பாரேன்," என்றான். "ஆள் உக்காந்தாதான் முழுசா இருக்கு. வீட்டுக்கு வந்ததும் நீ எழுது, ஃபென்னா."

தெருவென்றும் பார்க்காமல் அவனைக் கட்டிக்கொண்டேன்.

அந்தப் பெண்கள் தங்கமானவர்கள். விஷயத்தைச் சொன்னதும் ஆயிரம் முறை மன்னிப்புக் கேட்டு, வேன்வரை அவர்களே தூக்கி வந்தார்கள்.

தரை வேலை முடிந்து மேசை வீடு திரும்பிய அன்றே காகிதத்தோடு உட்கார்ந்தேன். நாற்காலியை உள்ளே இழுத்தேன். ணங்! இழுப்பறையின் அடிக்கட்டையில் இரண்டு முட்டியும் இடித்து உயிரே போனது. மனிதர்களுக்குக் கால் உண்டு என்பதை அந்த மகானுக்கு யாருமே சொல்லவில்லை.

"எப்படி இருக்கு?" என்றான் வீபெ ஆவலாக.

இத்தனை வருடம் சண்டை போட்டவள் என்ன சொல்வேன்? "பிரமாதம்!"

"நானும் ஒரு தடவ உக்காரட்டுமா? நானும் இதுவரைக்கும் உக்காந்ததே இல்ல."

எழுந்து இடம் கொடுத்தேன். உட்கார்ந்தான். இழுத்தான். ணங்!

கண்ணில் நீர் தளும்ப என்னைப் பார்த்தான்.

"பிரமாதம்தான்," என்றான்.