எஸ்ரா சொன்ன ஒரு சொல்

சித்திரை வெயில் ஏறிவிட்டால் சங்கரன்கோவிலில் சின்னப் பிள்ளைகளை வெளியே விட முடியாது. அதனால் ரெபேக்காள் அந்தக் கோடை முழுவதையும் தன் வீட்டுக்குள்ளேயே நடத்திவிடத் தீர்மானித்தாள். நர்சரிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள் அவள். கொரோனாக் காலத்தில் பள்ளி ஆளைக் குறைத்தபோது அவளையும் நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து, வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பகலெல்லாம் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். ஊரில் அதற்கு டீச்சர் வீடு என்றே பேராகிவிட்டது.

பிள்ளைகளைச் சும்மா உட்காரவைத்து டிவி போட்டுக் காட்ட அவளுக்கு மனம் வராது. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தொட்டுக் காகிதத்தில் பூ பதிக்கச் சொன்னாள். மைதாவில் மஞ்சளும் பீட்ரூட் சாறும் கலந்து பிசைந்து கையில் கொடுத்தாள். செம்பருத்திப் பூவைத் தண்ணீரோடு கிண்ணத்தில் உறையவைத்து, அந்தக் கட்டியைத் தட்டில் கவிழ்த்து, உள்ளே இருக்கும் பூ எப்போது வெளியே வருகிறதென்று பார்க்கச் சொன்னாள். பிள்ளைகள் விரல் மரத்துப்போகும்வரை அதைத் தடவிக்கொண்டிருந்தன.

தாய்மாருக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சட்டையில் சாயத்தோடு வரும் பிள்ளையைப் பார்த்து முகம் சுளித்தார்கள். “இந்நேரத்துக்கு ஏபிசிடி எழுதவச்சிருந்தா எம்பிள்ள முடிச்சிருப்பாள்லா,” என்று ஒருத்தி சொல்லியும் விட்டாள். ரெபேக்காள் சிரித்து மழுப்பினாள்.

அவள் மனமெல்லாம் எஸ்ராவின் மேல் இருந்தது. வரும் கிறிஸ்துமஸுக்கு நான்கு வயது முடியப்போகிறவன், இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. கூப்பிட்டால் திரும்புவான், பசித்தால் கையைப் பிடித்து இழுப்பான், அவ்வளவுதான். அவன் அம்மா அபிஷா ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்ப்பவள். புருஷன் திருப்பூருக்குப் போனவன், போன இடத்திலேயே இருந்துவிட்டான். எஸ்ராவுக்குத் தண்ணீர் என்றால் உயிர் என்பதை ரெபேக்காள் சீக்கிரமே கண்டுபிடித்தாள். அடியில் துளையிட்ட ஒரு மக்கில் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தால், அது ஒழுகி முடியும்வரை அவன் கண் எடுக்கமாட்டான்.

அன்று கூடத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு முட்டை அட்டையைப் பரப்பி, பட்டாணியையும் தட்டாம்பயறையும் கலந்து கொடுத்திருந்தாள். குழிக்கு ஒரு வகை என்று பிரித்துப் போடவேண்டும். எஸ்ராவைப் புறவாசலில் தண்ணீர் நிறைத்த பிளாஸ்டிக் தொட்டி முன்னால் உட்காரவைத்தாள். இரண்டு பக்கமும் தெரியட்டும் என்று தான் வாசற்படியில் உட்கார்ந்தாள். மக்கில் தண்ணீர் ஒழுகித் தீர்ந்தது. எஸ்ரா மக்கை அவள் பக்கம் நீட்டினான்.

“இன்னும்,” என்றான்.

ரெபேக்காளுக்குக் காது அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. எழுந்து புறவாசலில் இறங்கி அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். “என்ன மக்கா சொன்ன? இன்னொருக்கா சொல்லு.” மக்கை நிறைத்துக் கொடுத்தாள். தண்ணீர் தீர்ந்ததும் அவன் மறுபடியும், “இன்னும்,” என்றான். கலங்கல் இல்லாத சின்னக் குரல். அவள் நிறைத்தாள், அவன் கேட்டான், அவள் நிறைத்தாள். சேலை நனைந்ததோ, கண் நனைந்ததோ அவளுக்குத் தெரியவில்லை. கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தாளென்றும் தெரியவில்லை.

அபிஷாவிடம் உடனே சொல்ல நாக்குத் துடித்தது. ஆனால் தாய் தன் காதால் கேட்கவேண்டும், இரண்டு மூன்று நாள் பழக்கி அவள் எதிரிலேயே சொல்லவைப்போம் என்று ரெபேக்காள் அடக்கிக்கொண்டாள். அந்த ஆசைதான் பின்னால் அவளுக்கு வினையானது.

கூடத்தில் பட்டாணி பிரித்த பிள்ளைகளில் ஒருவனான ஷாஜித் இரண்டாம் நாள் வரவில்லை. கடையநல்லூரிலிருந்து வந்து இங்கே செல்போன் கடை வைத்திருக்கும் முகம்மது சாதிக்கின் மகன் அவன். காய்ச்சல் என்றார்கள். மறுநாள் மூக்கிலிருந்து ரத்தமும் சீழும் வந்து, திருநெல்வேலிக்குக் கொண்டுபோய், மயக்கமருந்து கொடுத்து எடுத்தார்கள். மூக்குக்குள் ஊறிப் பருத்த பட்டாணி. இன்னும் உள்ளே நழுவியிருந்தால் மூச்சுக்குழாய்க்குப் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

பிள்ளை வீட்டுக்கு வந்தபின் சாதிக் வந்தார். சத்தம் போடுவார் என்று ரெபேக்காள் எதிர்பார்த்திருந்தாள். அவர் வாசலிலேயே நின்று, தணிந்த குரலில் கேட்டார்.

“டீச்சர், ஒங்கள நம்பித்தான விட்டுட்டுப் போனோம். அவன் மூக்குல திணிச்சப்ப நீங்க எங்கன பாத்துக்கிட்டு இருந்திய?”

என்னவென்று சொல்வாள்? இன்னொரு பிள்ளை பேசியதில் சொக்கிப்போய் உங்கள் பிள்ளையை மறந்துவிட்டேன் என்றா? “தப்புதான் அண்ணாச்சி,” என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

டாக்டர் எடுத்த பட்டாணியின் போட்டோ தாய்மாரின் வாட்ஸ்அப்பில் சுற்றியது. திங்கட்கிழமை பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வார இறுதியில் எஸ்ராவும் இன்னொரு குழந்தையும் மட்டும் மிஞ்சினார்கள். ரெபேக்காள் பயறு, சாயம், தொட்டி எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டாள். எஸ்ரா புறவாசல் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அதனடியிலேயே படுத்துக்கொண்டான்.

அந்தச் சனிக்கிழமை அபிஷா வந்து, “திங்கக்கிழமையிலருந்து இவன வேற எடத்துல விடலாம்னு இருக்கேன்க்கா,” என்றாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பிளே ஸ்கூல் திறந்திருந்தது.

ரெபேக்காள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அபிஷா, ஒண்ணு சொல்லுதேன் கேளு. எஸ்ரா பேசுனான். இன்னும்னு தெளிவா சொன்னான். தண்ணி கேட்டு, திரும்பத் திரும்பச் சொன்னான்.”

அபிஷாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு ஒவ்வொன்றாக யோசிப்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

“என்னைக்கு?”

“ஷாஜித் மூக்குல பட்டாணி போட்டானே, அன்னைக்குத்தான்.”

“அன்னைக்குப் பேசுனான்னா அன்னைக்கே ஏன்க்கா சொல்லல?”

“நீயே கேக்கணும்னு நெனச்சேன்.”

அபிஷா மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “பிள்ளையள் எல்லாம் போயிட்டாவன்னு ஒங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், எனக்கும் புரியுது. அதுக்காக இவன் பேசுனான்னு இல்லாதத என்ட்ட சொல்லாதீங்கக்கா,” என்றாள். குரல் உடைந்திருந்தது. ரெபேக்காள் எஸ்ராவின் கன்னத்தைத் தொட்டு, “மக்கா, அம்மாட்ட ஒருக்கா சொல்லு,” என்றாள். அவன் தாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அன்று மாலை ரெபேக்காள் தன் புருஷன் சாம்ராஜிடம் சொல்லி அழுதாள். வேன் ஓட்டிவிட்டு வந்து களைத்திருந்த அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். “நான் நம்புதேன்ட்டி. ஆனா நான் நம்பி என்ன ஆகப்போவுது?” என்றான்.

கடைசிப் பிள்ளையும் நின்றபின் ரெபேக்காள் ஒரு பாத்திரக்கடையில் பில் போடச் சேர்ந்தாள். ஆவணியில் ஒருநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் பஸ் ஸ்டாண்ட் அருகே அபிஷாவையும் எஸ்ராவையும் கண்டாள். எஸ்ரா தாயின் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். உயரம் கொஞ்சம் கூடியிருந்தான். ரெபேக்காள் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் நிமிரவில்லை. முன்பெல்லாம் கூப்பிட்டால் திரும்புவான்.

“பேசுதானா?” என்று கேட்டாள்.

“இல்லக்கா. அவிய அப்பாவும் அஞ்சு வயசுக்கு மேலதான் பேசுனாவளாம்.”

“திருநெல்வேலில ஒரு டாக்டர்ட்ட காட்டுனா என்ன? நான் வேணும்னா கூட வாரேன்.”

“பாக்கலாம்க்கா,” என்றாள் அபிஷா. பழைய கோபம் எதுவும் அவளிடம் இல்லை. களைப்புதான் இருந்தது. “அந்தப் பிளே ஸ்கூல்ல ஒரு தொந்தரவும் இல்ல. வச்ச எடத்துல இருக்கானாம், சத்தமே கிடையாதாம். இவன மாதிரி நல்ல பிள்ளையே இல்லன்னு மிஸ் சொல்லுதாவ.”

ரெபேக்காள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். எதைச் சொன்னாலும் அது பழைய பொய்யின் மிச்சமாகத்தான் அவள் காதில் விழும் என்று தோன்றியது. “நல்லதும்மா,” என்றாள். அபிஷா மகனைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போனாள். அவன் பார்வை செல்போனிலேயே இருந்தது. கடை திறக்கும் நேரமாகிவிட்டதால் ரெபேக்காளும் வேகமாக நடந்தாள்.