ஒன்பதாவது கோடு

ஐந்தரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். டீ போட்டு நின்றபடியே குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டு முடித்த பிறகுதான் கடைக்கு இன்று லீவு சொல்லியிருப்பது நினைவுக்கு வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வருகிறவர்களின் பார்வையை அளந்து சொல்வது அவன் வேலை. போட்ட இஸ்திரியை வீணாக்குவானேன் என்று அதையே மாட்டிக்கொண்டான்.

ஏழு மணிக்கு அக்கா வீட்டுக்குப் போன் செய்தான். நான்கு வயது மகள் ஐந்து மாதமாக அங்கேதான் இருக்கிறாள். அத்தை வாங்கித் தந்த செருப்பு சத்தம் போடுகிறது என்று என்னவோ சொன்னாள். அவன் பேச்சைவிட நடுநடுவே வரும் மூச்சைத்தான் கவனித்தான். இழுப்பு இல்லை. இந்த வீட்டில் இருந்தவரை நெஞ்சு விசில் அடித்துக்கொண்டே இருந்தது. படுக்கையறைச் சுவரின் ஈரத்தைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்ட டாக்டர், அதைச் சரிசெய்யாமல் பிள்ளையை அங்கே படுக்கவைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அக்கா போனை வாங்கினாள். "இன்னைக்கும் கொத்தனாரைத் திருப்பி அனுப்பிடாதடா. இப்படியே போனா பாப்பா என்னைத்தான் அம்மான்னு கூப்பிடும். எனக்கு ஒண்ணும் கசக்காது."

அவன் சரி என்றான்.

சுவர் வேலைக்கான பணம், பழைய வீடுகளைப் பழுதுபார்க்க அரசு தரும் மானியம். விண்ணப்பம் போட்டது அவன் மனைவி. ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று மாதம் முதல் தேதி சுவரிலேயே பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதவேண்டும் என்பது ஒரு விதி. என்றோ ஒருநாள் குழாய் ஒழுகியதைக் காட்டி யாரும் மானியம் வாங்கிவிடக் கூடாதாம். அனுமதி வருவதற்கு முன் சுவரில் கை வைத்தால் விண்ணப்பம் செல்லாது என்பது இன்னொரு விதி. ஆகவே கண்ணெதிரே சுவர் ஊறுவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பள்ளி ஆசிரியை. கரும்பலகையில் எழுதிப் பழகிய கை. முழங்கால் உயரத்தில் தொடங்கி இடுப்பு உயரம்வரை எட்டுக் கோடுகள், எட்டுத் தேதிகள், ஒன்றுகூடக் கோணவில்லை.

ஆறு மாதத்துக்கு முன் அவள் போய்விட்டாள். விண்ணப்பத்தைக் கணவன் பேருக்கு மாற்றி, அனுமதி வந்து, இன்றோடு தொண்ணூறு நாள். இன்று வேலை தொடங்காவிட்டால் மானியம் ரத்து. தொடங்கினால் பூச்சு முழுவதும் உதிரவேண்டும். பூச்சோடு அவள் கையெழுத்தும்.

ஒன்பதரைக்குக் கொத்தனார் வந்தார். பின்னாலேயே பரிசோதனை அதிகாரியும் வந்தார். வழுக்கைத் தலை, கக்கத்தில் ஃபைல். வாசலில் இருவரும் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள் போலிருக்கிறது. முதல் தடவை விருந்தாளிகள், அடுத்த தடவை காய்ச்சல், மூன்றாவது தடவை ஆபீஸில் இன்னும் உத்தரவு வரவில்லை என்று இவன் சொல்லித் திருப்பியனுப்பிய கதை முழுவதும் அதிகாரிக்குத் தெரிந்திருந்தது.

"காய்ச்சல் சரி. எங்க தலையில ஏன் சார் போடுறீங்க? நாங்க செஞ்ச தாமதத்துக்கே திட்டு வாங்கி மாளல."

அவன் இருவரையும் படுக்கையறைக்கு அழைத்துப்போனான்.

அதிகாரி சுவருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். கீழ்க்கோட்டிலிருந்து ஒவ்வொன்றாக விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"யாரு குறிச்சது?"

"வீட்ல."

"இருபது வருஷமா பாக்கறேன் சார். நூத்துக்குத் தொண்ணூறு பேரு எங்க வண்டி தெருமுனைக்கு வந்தப்புறம்தான் பென்சிலையே எடுப்பாங்க. எல்லாக் கோடும் ஒரே கூர்ல இருக்கும். இங்க பாருங்க, இது புதுசா சீவினது, இதுல முனை மழுங்கியிருக்கு, இது திரும்பச் சீவினது. மாசாமாசம் நிஜமா போட்டிருக்காங்க. கூப்பிடுங்க, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்."

கொத்தனார் கையிலிருந்த உளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ இல்ல சார்" என்றான்.

அதிகாரிக்கு ஒரு கணம் புரியவில்லை. ஃபைலைப் பிரித்துத் தாள்களைத் தள்ளிக்கொண்டே போனார். பேர் மாற்றிய தாள் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. அதனோடு தைத்திருந்த இறப்புச் சான்றிதழைப் படித்தார். பிறகு தலையைத் தூக்கி எட்டாவது கோட்டைப் பார்த்தார். மறுபடி சான்றிதழ். இரண்டிலும் ஒரே தேதி.

அவர் ஃபைலை மூடினார். கோடுகளை அருகிலிருந்தும் தள்ளி நின்றும் தேவைக்கு மேலேயே படம் பிடித்தார். பத்து வருஷம்வரை ஆபீஸில் இந்த ஃபைலை அழிக்கமாட்டார்கள் என்றார். வேலை தொடங்கும் நாளின் அளவும் வேண்டும், அதை வீட்டுக்காரரே குறிக்கவேண்டும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

மெயின் சுவிட்ச் பெட்டியின் தலைமேல் பென்சில் இருந்தது. அவள் வைத்தபடியே. ஆறு மாதத் தூசு அதன்மேல் படிந்திருந்தது. எடுத்து, இஸ்திரி போட்ட சட்டையிலேயே துடைத்தான். ஈரம் இப்போது அவன் விலா உயரத்துக்கு ஏறியிருந்தது. கோடு போட்டான். கோணிக்கொண்டு போனது. தேதி எழுதினான். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஒரு ஜாணுக்கு மேல் வெறும் ஈரம்.

அதிகாரி கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார். செருப்பைத் தேடுகிற சாக்கில் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார்.

"மேல்கோட்டுக்கு மேல ஒரு ஜாண் விட்டு, அதுவரைக்கும் எடுத்துடணும் தம்பி. கீழேருந்து வரட்டுமா?" என்று கொத்தனார் கேட்டார்.

தலையாட்டினான். முதல் கோடு இரண்டே அடியில் உதிர்ந்தது. பூச்சு ரொட்டிபோல ஊறியிருந்தது. இரண்டாவது உதிர்ந்தது. அவன் வெளியே போகவில்லை. ஐந்தாவதில் கொத்தனாரே கையை நிறுத்தி மூச்சு வாங்கினார்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாங்களா, தம்பி?"

எல்லோரும் கேட்கிற கேள்விதான். பிள்ளையைப் பார்த்துக்கோ என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள் என்று துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அக்கா சொல்லியிருந்தாள். அக்கா அப்போது பக்கத்திலேயே இல்லை. யாருமே இல்லை. அவனும் ஆறு மாதமாக அதற்குத் தலையாட்டி வந்திருக்கிறான். இன்றும் ஆட்டினான். கொத்தனார் உச்சுக்கொட்டிவிட்டு மறுபடி சுத்தியலை எடுத்தார்.

அன்று முதல் தேதி. பென்சிலைக் காணோம் என்று அவள் வீடு முழுவதும் தேடினாள். பத்து நிமிஷம் கழித்து அது அவன் சட்டைப்பையில் கிடைத்தது. அவசரமாக எட்டாவது கோட்டைப் போட்டாள். வழக்கமான பஸ் போய்விடும் நேரம். ஓடிப்போய்ச் சாலையைக் கடக்கும்போதுதான் லாரி வந்தது.

எட்டாவது கோடு உதிர்ந்தது. கையில் வைத்திருந்த பென்சிலை சுவிட்ச் பெட்டியின் மேல் கொண்டுபோய் வைத்தான். இனி அதற்கு வேலையில்லை. இருந்தாலும் முன்பு இருந்ததுபோலவே, முனை சுவர்ப்பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தான்.

தோளில் பையோடு, ஒரு கால் செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் அவள் சொன்னது இவ்வளவுதான்:

"பென்சில எடுத்தா எடுத்த எடத்துல வையேன்பா. அடுத்த மாசமெல்லாம் நான் தேட மாட்டேன், சொல்லிட்டேன்."