முழந்தாள்

டோரதி டீச்சரின் உடம்பைப் பற்றிப் பேசாத வாய் சாந்தோமில் கிடையாது. குண்டாக இருந்தபோது ரிக்‌ஷாக்காரன் பார்த்ததும் ஓடுகிறான் என்று சிரித்தார்கள். சரி, இப்போது இளைத்தாளே, விட்டார்களா? மீன்காரி கங்கம்மா கூடையை இறக்கியதும் இறக்காததுமாய் ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னாம்மா இது, பாதியா பூட்டீங்க? நெஞ்சு சீக்கு எதுனா கீதா?"

"டாக்டர் சொல்லித்தான் இளைச்சேன், கங்கம்மா."

கங்கம்மா எங்கே நம்பினாள்! யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலம். ஊரே அரை வயிற்றோடு அலையும்போது, காசு கொடுத்து இளைக்கிற ஜென்மம் உண்டா?

டோரதிக்கு நாற்பத்தெட்டு வயது. நீரிழிவு, ரத்தக் கொதிப்பு, போதாததற்கு முழங்கால் வலி. எடை குறையாவிட்டால் எந்த மருந்தும் பிடிக்காது என்று லஸ்ஸில் டாக்டர் சுப்பராமன் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ஆனால் உயிருக்குப் பயந்து அவள் இளைக்கவில்லை. மாதா கோயிலில் எல்லோரும் பீடத்துக்கு முன்னால் இருக்கும் கிராதியண்டை முழந்தாளிட்டு, சாமியார் நாவில் வைக்கும் அப்பமாகிய நன்மையை வாங்க, இவள் மட்டும் வருஷக்கணக்காகத் தூண் மாதிரி நின்று வாங்கினாள். அந்த வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. மகள் நோராவின் கல்யாணப் பூசையிலாவது அவள் பக்கத்தில் முழந்தாளிட்டு நன்மை வாங்கிவிட வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

அதற்குப் பட்ட பாடு கொஞ்சமா? ராத்திரிச் சோறு போச்சு. காபியில் சர்க்கரை போச்சு. கிறிஸ்துமஸ் அதிரசத்தை ஊரார் தின்னப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் கணவர் லியோனார்டோடு கடற்கரையில் நடை. முதல் நாள் நாலடி வைத்ததும் மணலில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். "நாளைக்குப் பார்த்துக்கலாம், எழுந்திரு டோரா" என்றார் அவர். காலை இன்சுலின் ஊசியையும் அவரே போட்டுவிடுவார். கோயிலில் நோராவின் கல்யாண அறிவிப்பை, அதாவது ஓலையை, வாசித்த வாரம், கட்டிலைப் பிடித்தபடி அவள் முழந்தாளிட்டே விட்டாள்.

கல்யாணத்தன்றுதான் கூத்து. நன்மை வாங்குகிறவர் வாயில் நடுராத்திரியிலிருந்து பச்சைத்தண்ணீர் படக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை என்றால் விடியல் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, அப்புறம் ஊசி, பலகாரம். கல்யாணப் பூசையோ எட்டு மணிக்கு. அது முடிந்தால் வீடு கொள்ளாத விருந்தாளி, ஊசிக்கு நேரம் ஏது? டோரதி யோசித்தாள். ஊசி என்ன சாப்பாடா? வாயில் படவில்லையே, உபவாசம் எப்படி முறியும்? டாக்டர் பேச்சும் நிற்கும், திருச்சபைச் சட்டமும் நிற்கும். "போடுங்க" என்றாள். புண்ணியவான், அவரும் போட்டுத் தொலைத்தார். ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும் என்பது கல்யாண அவசரத்தில் இருவர் புத்தியிலும் உறைக்கவில்லை.

சாமியார் தாலியை மந்திரிக்கும்போது அவள் கை நடுங்கியது. ரவிக்கை வேர்வையில் தொப்பலாய் நனைந்தது. நோரா இரண்டாகத் தெரிந்தாள். லியோனார்டுக்கு அப்போதுதான் சுரீரென்றது. மயக்கம் வந்தால் கொடுக்கச் சொல்லி டாக்டர் சொன்னதிலிருந்து சட்டைப் பையிலேயே வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"வாயைத் திற."

"மாட்டேன். இன்னும் நன்மை வாங்கலை."

"செத்துப்போயிடுவே, டோரா!"

"வாங்கிட்டுச் சாகறேன்."

பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் குரல் உடைந்தது. "வருஷா வருஷம் இதே நாள்ல நோராப் பிள்ளை தன் கல்யாண நாளுக்குப் பூசை வைக்குமா, உன் சாவுக்குப் பூசை வைக்குமா?"

டோரதி வாயைத் திறந்தாள். சர்க்கரையோடு கண்ணீரும் சேர்ந்து இறங்கியது.

நடுக்கம் மெல்ல அடங்கியது. நன்மைக்கு மணி அடித்ததும் அவள் எழுந்தாள். லியோனார்ட் சேலையைப் பிடித்தார். "எங்கே போறே? உபவாசம்தான் முறிஞ்சுபோச்சே."

"நன்மை வாங்கப் போகலை. அவ பக்கத்துல இருக்கப் போறேன்."

கல்யாணத்தன்று பெற்றவள் நன்மை வாங்காவிட்டால் ஊர் சும்மா இருக்குமா? என்ன பாவம் பண்ணினாளோ என்று சாயங்காலத்துக்குள் வீடு வீடாகப் பேச்சு போய்விடும். பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தால் பாதிப் பேர் கவனித்திருக்கவே மாட்டார்கள். அது தெரிந்துதான் போனாள். எல்லார் கண்ணெதிரிலும் கிராதியில் கையை ஊன்றி, வலித்த காலை மடக்கி, நோராவின் தோளோடு தோள் உரச முழந்தாளிட்டாள்.

சாமியார் நோராவின் நாவில் நன்மையை வைத்துவிட்டு இவள் முன்னால் வந்து நின்றார். டோரதி வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். பின்னால் குசுகுசுவென்று பேச்சுக் கிளம்பியது. அவர் ஒரு கணம் தயங்கி, அடுத்தவரிடம் போனார்.

கிராதியில் விரித்திருந்த வெள்ளைத் துணிக்கு அடியில், நோரா தன் தாயின் விரல்களைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.