தலைவர் போட்ட கால்

தொண்ணூற்றாறாம் வருஷ ஊராட்சித் தேர்தலில் ஜெயித்து, தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார் என் வீட்டுக்காரர் சுருளிவேல். உட்கார்ந்ததும் வலது காலைத் தூக்கி இடது கால்மேல் போட்டார். போட்டவர் எடுக்கவே இல்லை. நத்தம் பக்கத்து எங்கள் ஊரில், மேலத்தெருக்காரர்கள் முன்னால் எங்கள் தெரு ஆள் குத்தவைத்துத்தான் பேச வேண்டும். அதனால் அந்தக் கால் எனக்கும் பெருமைதான். சும்மா சொல்லக் கூடாது, மனுசனுக்குக் காலும் நல்ல நீளம்.

கொஞ்ச மாதத்தில் வலது பாதம் தொங்கிப்போனது. நடந்தால் சப்புச் சப்பென்று தரையில் அடித்தது. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்தார். நாற்காலி இவனுக்குச் சேரவில்லை என்று மேலத்தெருவில் சிரித்தார்கள். பக்கவாதமோ என்று பயந்து திண்டுக்கல்லுக்கு இழுத்துப்போனேன்.

நரம்பு டாக்டர் நர்கீஸ், கையையும் முகத்தையும் அசைக்கச் சொன்னார், சரியாக இருந்தது. பாதத்தை மேலே தூக்கச் சொன்னார், ம்ஹும். முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கம் துருத்தும் எலும்பருகே விரலால் தட்டினார். இவர் கரண்டு அடித்தவர்போலத் துள்ளினார். வாதமெல்லாம் இல்லை, அங்கே தோலுக்கடியில் ஓடும் நரம்பு நசுங்கியிருக்கிறது, எப்படி உட்காருவீர்கள் என்று டாக்டர் கேட்டார். இவர் ஜம்மென்று போட்டுக் காட்டினார்.

டாக்டர் சிரித்துவிட்டார். ஆபரேஷன் வேண்டாம், பாதத்தை நிமிர்த்திப் பிடிக்க ஒரு பட்டை, கொஞ்சம் பயிற்சி போதும். கால்மேல் கால் மட்டும் கூடவே கூடாது, மீறினால் பாதம் தொங்கினது தொங்கினதுதான் என்றார்.

"எறக்குனா பயந்துட்டான்னு சொல்லுவாய்ங்க. கால் போனாப் போகுது" என்றார் இவர்.

பிடித்த முயலுக்கு மூன்றே கால். பஸ்ஸில் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன்; அழுகையும் வந்தது.

மறுநாள் நானும் ஆபீசுக்குப் போனேன். கால் கால்மேல்தான் இருந்தது. எதிரே மேலத்தெருப் பெரியவர் ஒருவர் மனுவோடு நின்றார். இன்னொரு நாற்காலியை இவர் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"நீங்க எறக்குங்க. நான் போட்டுக்கிறேன்" என்று என் காலைத் தூக்கிப் போட்டேன்.

வந்தவரைவிட இவர்தான் அதிர்ந்துபோனார். பொம்பளை என்று ஏதோ ஆரம்பித்தார். திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். மெதுவாகக் காலை இறக்கித் தரையில் வைத்தார்.

பெரியவர் மனுவை யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தலைவர்கிட்ட குடுங்க" என்றேன்.