ஏழாவது புகை

"ஊத்தாதீங்க! சூட்டுல இரும்பு வெடிச்சிரும்!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் ஹாலுக்குள் பாய்ந்த கரிக்கை, வாளியை எட்டிப் பிடித்தாள். பாதித் தண்ணீர் அவள் காலில் கொட்டியது. மீதிப் பாதியோடு வாளி தப்பியது, அதோடு அடுப்பும் தப்பியது. வாளியைத் தூக்கி வந்த பெரியம்மா, வீட்டுக்காரர் சர்வேயரின் அக்கா, இருமிக்கொண்டே சோபாவில் சாய்ந்தாள்.

தலைக்கு மேல் புகை மேகம் கட்டியிருந்தது. ஜன்னல்கள் எல்லாம் குளிருக்குப் பயந்து இறுகச் சாத்தியிருந்தன. சுவரோரம் நின்ற குட்டை அடுப்பு, கண்ணாடிக் கதவின் இடுக்கு வழியாகப் புகையைத் துப்பிக்கொண்டிருந்தது. ஆறு வாரம் முன்பு அதை அங்கே மாட்டியவள் இதே கரிக்கைதான். அந்த ஊரில் விறகு அடுப்பு மாட்டுவதும் புகைபோக்கி சுத்தம் செய்வதும் அவள் ஒருத்தியே. நகக்கண்ணில் கரி இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் அட்டையோடு நின்றுவிட்டது.

"ஏழு!" என்றார் சர்வேயர், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. ஓய்வு பெற்ற பிறகும் அளக்காமல் ஒரு அடி வைக்காத மனிதர். "இது ஏழாவது தடவை. ஒவ்வொரு தடவையும் நீ வந்து பாக்கறப்ப சமத்துப் பிள்ளை மாதிரி எரியும். நீ அந்தாண்ட போனதும் ஆரம்பிச்சிரும். நான் அப்பவே பெரிய அடுப்பு கேட்டேன்."

"இந்த ஹாலுக்குப் பெரிய அடுப்பு வெச்சா யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான் சார். சூடு தாங்காம நீங்க காத்தை அடைப்பீங்க. காத்தை அடைச்சா விறகு வேகாம குழாய் பூரா கரி பிடிக்கும்."

"வாய் மட்டும் நல்லா எரியுது." மேஜை மேல் ஒரு காகிதத்தைத் தட்டினார். "பள்ளிக்கூடக் கமிட்டிக்குக் கடிதம் எழுதிட்டேன். கையெழுத்துதான் பாக்கி. ஒரு அறையைச் சூடாக்கத் தெரியாதவகிட்ட ஒன்பது அறையை எப்படிம்மா குடுக்கறது?"

கரிக்கை அந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்தாள். புதுப் பள்ளிக்கூடத்துக்கு எந்த அடுப்பு, யார் மாட்டுவது என்று முடிவு செய்யும் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். அவளோ அந்த ஒன்பது அறைகளையும் மனசுக்குள் கட்டி முடித்தே விட்டாள். கூட்டம் நடக்கிற பெரிய கூடத்துக்குக் கல் போர்த்திய கனத்த அடுப்பு. தீ அணைந்தாலும் மத்தியானம் வரை சூடு விடாது. சின்னப் பிள்ளைகள் அறைக்கு கை எட்டாத உயரத்துக்குக் கம்பி வேலி போட்ட அடுப்பு. புத்தக அறைக்கு, அலமாரியிலிருந்து ஆறடி தள்ளி, ஒல்லியாக ஒன்று. ஆசிரியர் அறைக்கு இருப்பதிலேயே சின்னது. அங்கே பேச்சே போதும், சூடேறிவிடும். ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு பசி. அந்தக் கடிதம் போனால், ஒரே அளவில் ஒன்பது வாங்கிப் போடுகிறவன் எவனாவது நாளைக்கே வெளியூரிலிருந்து வந்துவிடுவான்.

அப்போதுதான் அது காதில் விழுந்தது.

ர்ர்ர்ர்.

நடைவழியில் இரண்டே எட்டு. சமையலறையில் ஆளில்லை. பாத்திரங்கள் கவிழ்ந்து கிடந்தன, காஸ் அடுப்பு சில்லிட்டிருந்தது. ஆனால் சுவரில் புகையை வெளியே தள்ளும் மின்விசிறி மட்டும் யாருக்காகவோ மாடாக உழைத்துக்கொண்டிருந்தது. அவள் நடைவழிச் சுவரிலிருந்த பழைய கறுப்பு சுவிட்சை அணைத்தாள். திரும்பிப் பார்த்தால், ஹாலில் புகை திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு அடுப்புக்குள் போயிற்று.

அட! காற்றுப் புகாத வீடு. விசிறி உள்ளிருக்கும் காற்றை இழுத்தால், இழந்த காற்றுக்கு ஈடாக வீடு புகைபோக்கி வழியாக மூச்சு வாங்கும். புகை கீழே இறங்கும். இதை அவள் அடுப்பு மாட்டிய அன்றே அட்டையில் நாலு வரி எழுதி, ஆணி அடித்து, அடுப்பின் பக்கத்திலேயே மாட்டியிருந்தாள்.

முந்தைய ஆறு தடவையும் அவள் வந்து சேர அரை மணி ஆயிற்று, அதற்குள் விசிறியை அணைத்திருப்பார்கள். இன்று அடுத்த தெருவிலேயே வேலை, அதனால் கையும் களவுமாகப் பிடித்தாள். ஆனால் களவு மட்டும்தான் சிக்கியது. கை?

சமைக்காத நேரத்தில் விசிறி போடுகிறவர்கள் வேண்டுமென்றே போடுகிறார்கள். வீட்டில் மூன்று பேர். கேட்டால் மூன்று பேரும் இல்லையென்பார்கள். நாலாவதாகப் பழி தன் தலையில் விழும். கரிக்கை தன் பைக்குள் கை விட்டாள். கிரீஸில் ஒரு சிட்டிகைப் புகைக்கரி. குழைத்து, கறுப்பு சுவிட்சின் மேல் மெல்லியதாகப் பூசினாள். கறுப்பில் கறுப்பு யாருக்குத் தெரியும்?

"சார், அரை மணி குடுங்க. மேல ஏறிப் பாத்துட்டு வரேன். அப்புறம் கையெழுத்துப் போடுங்க."

"அரை மணி. முப்பத்தோராவது நிமிஷம் கிடையாது."

கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த சர்வேயர் மனைவி ஏணியைப் பிடித்துக்கொள்ள வந்தாள். கரிக்கை நாலு படி ஏறுவதற்குள் அவள் மனசையே கொட்டிவிட்டாள்.

"ரெண்டு நாள்னுதான் நாத்தனார் வந்தாங்க. ஒரு மாசம் ஓடிருச்சு. நல்லவங்க, ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா ஹால்லயே சோபாவை விரிச்சுப் படுக்கறாங்க. எனக்கும் அவருக்கும் ஒரு வார்த்தை பேசணும்னாக்கூட கொல்லைக்குத்தான் வரணும். அவரு அக்கா, அவரு வாயில வராது. நான் சொன்னா ஊரே சிரிக்கும்."

"அடுப்பு மட்டும்தான் புகையுதுன்னு நெனச்சேன்" என்றாள் கரிக்கை.

கூரைக்குப் போனாள். குழாயிலிருந்து மெல்லிய நீலப் புகை நேராக ஏறிக்கொண்டிருந்தது. காய்ந்த விறகு, நல்ல இழுப்பு. ஒன்று, இரண்டு, மூன்று நிமிடம். சட்டென்று கீழே சமையலறைச் சுவரில் விசிறியின் தகட்டு மூடி படபடவென்று திறந்துகொண்டது. குழாய்ப் புகை தயங்கியது, நின்றது.

ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் மனைவி. அப்படியானால்?

கரிக்கை ஏணியில் பாதியைக் குதித்தே கடந்தாள். ஹாலில் மறுபடி புகை. பெரியம்மா சோபாவில், சால்வையைக் கழுத்து வரை போர்த்தி, கையைக்கூட வெளியே காட்டாமல் இருமிக்கொண்டிருந்தாள். சர்வேயர் மேஜையருகே எழுந்து நின்று விரலை ஆட்டினார்.

"எட்டு!"

ஆட்டிய ஆள்காட்டி விரலின் நுனி கன்னங்கரேலென்று இருந்தது.

அவள் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டு அவரும் விரலைப் பார்த்தார். "பேனா ஒழுகுது" என்றார்.

ஒழுகும் ஒழுகும், என்று நினைத்துக்கொண்டாள் கரிக்கை. சொந்த அக்காவைப் போ என்று சொல்ல வாய் வரவில்லை; அடுப்பைச் சொல்ல வைக்கிறார். பழி மட்டும் நமக்கு. இப்போது உடைத்துச் சொன்னால் தன் பெயர் பிழைக்கும், அந்தக் குடும்பம் பிழைக்காது. பள்ளிக்கூட வேலையும் கிடைக்காது.

"சார், இப்படி வாங்க." அவரை நடைவழியில் நிறுத்தி, தானே விசிறியை அணைத்துக் காட்டினாள். புகை உள்ளே போனது. போட்டாள். வெளியே வந்தது. மூன்று முறை. ஆதாரம் என்றால் சர்வேயருக்கு உயிர். வாயைப் பிளந்து பார்த்தார்.

"அப்ப விசிறியை யாரு போட்டது?"

கேட்கிற அழகைப் பார்! "நடைவழி குறுகல் சார். போறப்ப வரப்ப கை பட்டிருக்கும்."

"ஏழெட்டுத் தடவையுமா?" பையிலிருந்த நாடாவை எடுத்து அளந்தே விட்டார். "மூணடி இருக்கேம்மா!"

"மூணடி போதாது சார். பெருந்தன்மையா விட்ருங்க." கடைசி வார்த்தையைக் கொஞ்சம் அழுத்தினாள். அவர் ஒன்றும் புரியாதவர் மாதிரி விழித்தார். நல்ல நடிகர்.

அடுத்து அட்டையைக் காட்டினாள். "மூணாவது வரி, விசிறி ஓடினா ஜன்னலைத் திறக்கணும். நாலாவது வரியைப் படிங்க."

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை முதன்முறையாகப் படித்தார் சர்வேயர். "இந்த அறையில் யாரும் தூங்கக் கூடாது."

"புகை கண்ணுக்குத் தெரியும் சார். அடுப்பு விடற விஷக் காத்து தெரியாது. தூங்கறவங்க எந்திரிக்க மாட்டாங்க."

சர்வேயர் முகம் வெளுத்தது. "ஐயோ, அக்கா! நீ எங்க அறையில படுத்துக்க. நாங்க ரெண்டு பேரும் நடைவழியில..."

வாசலில் மனைவியின் கையிலிருந்த துணிக்கூடை தொப்பென்று விழுந்தது.

"மூணடி போதாதுன்னு இப்பதானடா சொன்னாங்க?" சால்வையோடு எழுந்தாள் பெரியம்மா. "தெரிஞ்சவங்க சொன்னாக் கேட்டுக்கணும் தம்பி. பனி முடியட்டும், வரேன். என் வீடும் பூட்டியே கிடக்குது."

சோபாவின் பின்னாலிருந்து ஒரு பெட்டி வந்தது. அது பெல்ட் இழுத்துக் கட்டி, எப்போதோ தயாராக இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. சர்வேயர் கண் கலங்கிக்கொண்டிருந்தார், மனைவி கலங்க முயன்றுகொண்டிருந்தாள்.

பழைய கடிதம் அடுப்புக்குள் போனது. புதியதில் ஒன்பது அறைகளும் கரிக்கையின் பெயருக்கு வந்தன, ஓரத்தில் ஒரு கறுப்பு விரல் ரேகையோடு. சாட்சி, என்று எண்ணிக்கொண்டே அவள் அதை மடித்து வைத்தாள்.

பேருந்து நிலையம் வரை பெரியம்மாவைத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டாள். பின்னால் குழாய்கள் கடகடத்தன. மனசு கேட்கவில்லை.

"தம்பி மேல கோவம் வெச்சுக்காதீங்கம்மா. சிலருக்கு வாய்விட்டுச் சொல்ல வராது."

"அவனுக்கா வராது? நான் போறேன்னு சொன்ன போதெல்லாம், 'என்னக்கா குறை வெச்சோம்'னு ஓன்னு அழுதுட்டான். எப்படிக் கிளம்பறது சொல்லு? நானாப் போனா கோவிச்சுக்கிட்டுப் போனதா ஆகும். அடுப்பு துரத்தினா யாருக்கும் மனத்தாங்கல் இல்ல." பெரியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "ஹால்ல நாள் பூரா உக்காந்தா படிக்க என்ன இருக்கு? உன் அட்டைதான். தெளிவா எழுதியிருக்க. தண்ணி ஊத்தினா வெடிக்கும்னு மட்டும் எழுத விட்டுட்ட."

வண்டி தானாகவே வேகம் குறைந்தது.

சால்வைக்குள்ளிருந்து வலது கை மெதுவாக வெளியே வந்தது. ஆள்காட்டி விரல் நுனியில், கிரீஸ் மினுங்க, புகைக்கரி.

"எத்தனை சோப்பு போட்டும் போகல" என்றாள் பெரியம்மா. "இதை எதாலம்மா கழுவணும்?"